பதில் சொல்லாத ஆலோசகர் எதற்கு?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. மனநல ஆலோசகர் என்பவர் வழிகாட்டியா, இல்லை வெறுமனே காது கொடுத்துக் கேட்பவரா? 22 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இது என் மனதுக்கு மிக நெருக்கமான கேள்வி. அதனால் வேறு கடிதங்களை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். என்னிடம் வந்தவர்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அவர்களிடம் அனுமதி வாங்கி, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.

மேடம், மூன்று முறை கவுன்சலிங் போய்விட்டேன். வேலையை விடலாமா வேண்டாமா என்று தெரியாமல்தான் போனேன். ஒரு தடவைகூட அவர் "இதைச் செய்யுங்கள்" என்று சொல்லவில்லை. "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று என்னிடமே திருப்பிக் கேட்கிறார். எனக்கே தெரிந்திருந்தால் அவரிடம் ஏன் போகிறேன்? — ஒரு வாசகர்

உங்கள் கோபம் நியாயமானது. எனக்கு எழுதியதை அப்படியே அவரிடமும் சொல்லுங்கள். நாலாவது அமர்வு அதிலிருந்தே தொடங்கட்டும். நல்ல ஆலோசகர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

அவர் ஏன் சொல்லாமல் இருக்கிறார் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் அது. உங்களைப் போலவே வேலையை விடுவதா என்ற குழப்பத்தோடு ஓர் இளைஞர் வந்தார். ராத்திரித் தூக்கம் போய்விட்டது. மேலதிகாரியின் பெயர் கைபேசியில் தெரிந்தாலே உள்ளங்கை வேர்க்கும். ஐந்து வாரம் கேட்டேன். ஆறாவது வாரம் பொறுக்க முடியாமல், "விட்டுவிடுங்கள், உங்கள் திறமைக்கு வேறு கிடைக்கும்" என்று சொல்லிவிட்டேன். விட்டார். இரண்டே மாதத்தில் நல்ல வேலை கிடைத்தது. நன்றி சொல்ல வந்தார். அன்றைக்கு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

தொல்லை அதற்கு அப்புறம்தான் தொடங்கியது. என் யோசனை பலித்துவிட்டதே! புது வேலையில் எந்தப் பிரிவைக் கேட்பது என்று வந்தார். அப்புறம் வீடு மாறலாமா என்று வந்தார். பழைய நண்பர் ஒருவரோடு உறவை முறித்துக்கொள்ளலாமா என்று வந்தார். ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு குறுஞ்செய்தி: "மேடம், மேனேஜருக்கு இந்த மெயிலை அனுப்பலாமா? நீங்க சரின்னா அனுப்பிடறேன்." கீழே நாலு வரி மெயில். திருத்துவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் வந்தபோது அவருக்குத் தன் முடிவின் மேல் நம்பிக்கை இல்லை. ஒரு வருடம் கழித்தும் இல்லை. அந்த இடத்தில் என் முடிவின் மேல் நம்பிக்கை வந்து உட்கார்ந்திருந்தது. அவரை அதிலிருந்து மீட்க இன்னும் எட்டு மாதம் பிடித்தது. எதைக் கேட்டு வந்தாலும், முதலில் அவர் முடிவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்து என் மேஜையில் வைக்க வேண்டும். அப்புறம்தான் பேச்சு. கடைசியில் சீட்டைப் பிரிப்போம். பெரும்பாலான நாட்களில் அதில் எழுதியிருந்ததற்கே நாங்கள் வந்து சேர்ந்திருப்போம். சீட்டுகள் சேரச் சேர அவர் வருவது குறைந்தது.

1976-ல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற மூன்று பேர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு கட்ட வேண்டும், பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருப்பார். குழந்தைக்குக் கை வர வர அவர் உதவி விலகிக்கொண்டே போக வேண்டும். இந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயர், கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம். சாரம் இல்லாமல் சுவர் எழும்பாது. ஆனால் சுவர் காய்ந்த பிறகும் சாரத்தைப் பிரிக்காமல் விட்டால் அந்த வீட்டில் யார் குடியிருப்பது? அந்த இளைஞர் விஷயத்தில் நான் பிரிக்க மறந்த சாரம்.

இதைச் சொல்வதால் உங்கள் ஆலோசகர் செய்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. முடிவு வேறு, தகவல் வேறு. விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன் என்னென்ன விசாரிக்க வேண்டும், பதற்றம் உடம்பில் எப்படி வேலை செய்யும், தூக்கத்தைச் சரிசெய்ய என்ன பழகலாம் என்றெல்லாம் கேட்டால் அவர் நேராகச் சொல்ல வேண்டும். அதற்கும் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்" என்றால் அது சோம்பல். எட்வர்டு போர்டின் என்ற உளவியலாளர் 1979-ல் ஆலோசகருக்கும் வருபவருக்கும் இடையே மூன்று விஷயம் பொருந்தி வர வேண்டும் என்று எழுதினார். எங்கே போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்கிறோம் என்பதில் உடன்பாடு, இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பிடிப்பு. உங்கள் கடிதத்தைப் படித்தால் முதலாவதே இன்னும் பேசப்படவில்லை என்று தோன்றுகிறது. "நாம் எதை நோக்கிப் போகிறோம்?" என்று நீங்களே கேளுங்கள்.

இன்னொன்று. உயிருக்கு ஆபத்து இருக்கும் இடத்தில் நான் கேள்வி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஒருவர் "இனி வாழ வேண்டாம்" என்ற எண்ணத்தோடு வந்தால் நேராகப் பேசுவேன். இன்று ராத்திரி யாரோடு இருப்பீர்கள், வீட்டிலிருந்து எதை அப்புறப்படுத்த வேண்டும், எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். தேவைப்பட்டால் ரகசியம் காப்பதையும் அந்த அளவுக்குத் தளர்த்துவேன். இதை முதல் அமர்விலேயே எல்லாரிடமும் சொல்லிவைத்து விடுகிறேன். உங்களுக்கு அப்படி ஒரு எண்ணம் இருந்தால் அடுத்த அமர்வு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

ஆலோசகர், மென்டார் இரண்டும் ஒன்றா? — கல்லூரி மாணவி

ஒன்றில்லை, ஆனால் சொந்தக்காரர்கள்.

அனுபவத்தால் வழிகாட்டும் மூத்தவரை இன்று 'மென்டார்' என்கிறோம். அது பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி காவியத்தில் வரும் ஒருவரின் பெயர். ஒடிசியஸ் போருக்குப் போகும்போது வீட்டை அவர் பொறுப்பில் விட்டுப் போகிறான். மகன் டெலிமாக்கஸ் வளர்ந்து, அப்பாவைப் பற்றி விசாரிக்கக் கடல் பயணம் கிளம்பும்போது, ஏதீனா தேவதை அந்த மென்டாரின் உருவத்தில் கூடப் போகிறாள். நெஸ்டார் என்ற முதிய அரசர் ஆளும் பைலோஸின் கரையில் இறங்கியதும் பையனுக்குத் தயக்கம் வந்துவிடுகிறது. நெஸ்டார் எவ்வளவு பெரிய மனிதர், அவரிடம் எப்படிப் பேசுவது, எனக்குப் பேசிப் பழக்கமில்லையே என்கிறான். கூட வந்தவள் தானே முன்னால் போய்ப் பேசிவிடவில்லை. கொஞ்சம் உனக்கே தோன்றும், மீதியை ஒரு தெய்வம் தோன்ற வைக்கும் என்கிறாள். அவன்தான் பேசுகிறான். இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து வருவது. அதே பைலோஸில் அவள் பறவையாகிப் பறந்து போய்விடுகிறாள். ஸ்பார்ட்டா வரை மிச்ச வழியை அவன் நெஸ்டாரின் மகனோடு தேரில் போகிறான். அவள் பாதி வழியில் விட்டுப் போனாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் வாய் திறந்து பேசிவிட்டான், அதன் பிறகுதான் போனாள்.

கவுன்சலிங் என்ற துறையே வழி காட்டுவதில் பிறந்ததுதான். 1908-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று சொல்ல ஓர் அலுவலகம் திறந்தார். தொழில் வழிகாட்டல் அங்கிருந்துதான் ஒரு முறையாக வளர்ந்தது. அப்புறம் கார்ல் ராஜர்ஸ் என்ற உளவியலாளர் வந்தார். 1940-களில் அவர் அதைத் திருப்பிப் போட்டார். எதிரே இருப்பவருக்குத் தன் வாழ்க்கையைப் பற்றி நம்மைவிட நன்றாகத் தெரியும் என்பது அவர் நிலைப்பாடு. 1957-ல் ஒரு கட்டுரையில், மாற்றத்துக்கு ஆலோசகரிடம் இருக்க வேண்டியவை என்று அவர் வலியுறுத்தியவற்றில் மூன்றைச் சொல்லாமல் இந்தத் தொழிலில் யாரும் பயிற்சி முடிப்பதில்லை. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இல்லாத நேர்மை, நிபந்தனை போடாத மதிப்பு, எதிரே இருப்பவரின் கண்ணால் அவர் உலகத்தைப் பார்க்கும் பரிவு.

மென்டார் தன் வாழ்க்கையைத் திறந்து காட்டுவார். "நான் உன் வயதில் இப்படி விழுந்தேன், இப்படி எழுந்தேன்" என்பார். ஆலோசகர் அதை அளந்துதான் செய்ய வேண்டும். அந்த அறையில் இருக்கும் நேரம் என் கதைக்கானதில்லை. என் கதை அவருக்கு உதவுமா, எனக்கு உதவுமா என்று சொல்வதற்கு முன் ஒரு மூச்சு நிறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். பாதிக்கு மேல் விழுங்கிவிடுவேன்.

நான் குடிப்பதை நிறுத்திவிட்டேன் என்று என் ஆலோசகரிடம் சொல்லியிருக்கிறேன். நிறுத்தவில்லை. நான்கு மாதம் நிறுத்தினேன், போன மாதம் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். அவர் என் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார். "உங்களைப் பார்த்தால் பெருமையாக இருக்கிறது" என்றார். இப்போது எந்த முகத்தோடு சொல்வது? போவதையே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். — பெயர் வேண்டாம்

போவதை நிறுத்தாதீர்கள். இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

இதில் உங்கள் தவறு எவ்வளவு இருக்கிறதோ, எங்கள் தொழிலின் தவறும் அவ்வளவு இருக்கிறது. "பெருமையாக இருக்கிறது" என்பது நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான். ஆனால் அதைக் கேட்ட நிமிடத்தில் நீங்கள் பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கிய பையனாகி விட்டீர்கள். அடுத்த பரீட்சையில் தோற்றால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? வழிகாட்டி உயரத்தில் போய் உட்கார்ந்தால் இதுதான் நடக்கும். கீழே இருப்பவர் நல்ல செய்தியை மட்டும் மேலே அனுப்புவார். நான் இப்போதெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. "நான்கு மாதம் எப்படி முடிந்தது? சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்கிறேன். அதற்குப் பதில் சொல்லும்போது பெருமை அவருக்கே வந்துவிடும்.

1983-ல் ஜேம்ஸ் புரோசாஸ்கா, கார்லோ டிகிளெமென்டி என்ற இருவர், புகைப் பழக்கத்தைத் தாமாக விட முயன்றவர்களை ஆராய்ந்து, ஒருவர் மாறுவது படிப்படியாக நடக்கிறது என்று எழுதினார்கள். மாற்றம் பற்றி யோசிக்காத நிலை, யோசிக்கும் நிலை, செயலில் இறங்கும் நிலை, தக்கவைக்கும் நிலை என்று போகும். பழையபடி வழுக்குவதும் அந்தப் பாதையில் பலருக்கு நடப்பதுதான். வழுக்கினால் முதல் படிக்கே போய்விட்டோம் என்று அர்த்தமில்லை. நான்கு மாதத்தில் நீங்கள் கற்றுக்கொண்டது உங்களிடமேதான் இருக்கிறது. அதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அறைக்குள் போய் உட்கார்ந்ததும், நலம் விசாரிப்பதற்கு முன்பே சொல்லுங்கள். நேரம் முடியும் தறுவாயில், கதவருகே நின்றுகொண்டு சொல்லாதீர்கள். மிகக் கனமான விஷயத்தைப் பலரும் அங்கேதான் சொல்வார்கள், அப்போது பேச நேரம் இருக்காது. வாய் வராவிட்டால் எழுதிக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். எனக்கு ஒருவர் அப்படிக் கொடுத்திருக்கிறார். நான் படித்து முடிக்கும்வரை அவர் செருப்பின் வாரை அவிழ்த்து மாட்டி, அவிழ்த்து மாட்டிக்கொண்டிருந்தார். படித்து முடித்து, "இதைச் சுமந்துகொண்டு எத்தனை வாரம் வந்தீர்கள்?" என்று கேட்டேன். "ஆறு" என்றார். எங்கள் உண்மையான வேலை அன்றைக்குத்தான் தொடங்கியது.

உடல்நலம் குறித்தும் ஒன்று: தினமும் அதிகமாகக் குடிக்கும் நிலைக்குப் போயிருந்தால் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். வலிப்பு வரைக்கும் போகக்கூடும். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

என் ஆலோசகர் எனக்கு அம்மா மாதிரி. அவரை வீட்டுக்கு அழைக்க ஆசை. கேட்டால் சிரித்துக்கொண்டே மறுக்கிறார். மனது வலிக்கிறது. — வாசகி

வலிக்கத்தான் செய்யும், சகோதரி. ஆனால் அந்த மறுப்பு உங்கள் மேல் அக்கறை இருப்பதால் வருவது. முன்பு ஒருவர் மேல் இருந்த பாசமும் ஏக்கமும் கோபமும் எதிரே இருக்கும் ஆலோசகர் மேல் வந்து இறங்குவதை ஃபிராய்டு நூறு வருடத்துக்கு முன்பே கவனித்து எழுதினார். அது வெட்கப்பட வேண்டியதில்லை. "உங்களை அம்மா மாதிரி நினைக்கிறேன்" என்று அவரிடமே சொல்லுங்கள். எந்த அம்மா மாதிரி, கிடைத்த அம்மாவா கிடைக்காத அம்மாவா என்று அவர் கேட்கக்கூடும். அந்தப் பேச்சு ஒரு வருகையைவிடப் பெரியது.

இதன் மறுபக்கத்தையும் எல்லா வாசகர்களுக்கும் அழுத்திச் சொல்கிறேன். ஆலோசகர் உங்களிடம் கடன் கேட்டால், தொழிலில் கூட்டு சேரச் சொன்னால், காதலோ உடல் நெருக்கமோ காட்டினால், மற்றவர்களிடமிருந்து உங்களைப் பிரித்துத் தன்னோடு மட்டும் வைத்துக்கொள்ளப் பார்த்தால், எழுந்து வந்துவிடுங்கள். யாரிடமாவது சொல்லுங்கள். "உன் நன்மைக்குத்தான்" என்று எத்தனை இனிமையாகச் சொன்னாலும் அது வழிகாட்டல் இல்லை.

எத்தனை அமர்வுக்கு அப்புறம் பலன் தெரியும்?

ஆளுக்கு ஆள் மாறும். 1986-ல் கென்னத் ஹோவர்டும் அவருடன் இருந்தவர்களும் பழைய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்ததில், சுமார் பாதிப் பேருக்கு எட்டாவது அமர்வுக்குள்ளும், முக்கால்வாசிப் பேருக்கு இருபத்தாறாவதுக்குள்ளும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இன்று எங்கே இருக்கிறீர்கள் என்று அவ்வப்போது உங்களையே கேளுங்கள். "மூன்று" என்றால், ஏன் இரண்டாக இல்லை என்றும் கேளுங்கள். எட்டு வாரமாக எண் நகரவே இல்லை என்றால் ஆலோசகரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வேறொருவரிடம் மாறுவதும் தவறில்லை.

நான் பயிற்சி முடித்துப் புதிதாக ஆலோசகராகச் சேர்ந்திருக்கிறேன். வயது 26. என் அப்பா வயதில் ஒருவர் வருகிறார். அவருக்கு நான் என்ன வழிகாட்ட முடியும்? ஒருவர் தேறிவிட்டார் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

தம்பி, அவர் வாழ்ந்த வாழ்க்கையை நீங்கள் வாழ்ந்திருக்க வேண்டியதில்லை. மனைவியை இழந்த ஒரு பெரியவர், என் முப்பதாவது வயதில் என்னிடம், "உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றார். "ஆமாம், புரியாது. சொல்லுங்கள்" என்றேன். நாற்பது நிமிடம் அவர் மனைவி வீட்டுக் கணக்கு எழுதும் விதத்தைப் பற்றியே சொன்னார். என்னிடம் அனுபவம் இருந்திருந்தால் நடுவில் குறுக்கிட்டிருப்பேன். தெரியாதவர் என்பதும் உங்களுக்கு ஒரு பலம்தான். மூத்த ஆலோசகர் ஒருவரிடம் மாதம் இரண்டு முறையாவது உங்கள் வேலையைக் கொண்டுபோய் வையுங்கள். நானும் இன்றுவரை போகிறேன். அந்தப் பத்தரை மணி மெயிலையும் முதலில் கொண்டுபோனது அங்கேதான்.

தேறியதைத் தெரிந்துகொள்ள நான் வைத்திருக்கும் அடையாளம் ஒன்று உண்டு. ஒவ்வொரு அமர்வும் முடிந்ததும் வந்தவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை, அவர் வாயிலிருந்து வந்தபடியே, தேதி போட்டு அவருக்கான நோட்டில் எழுதிவைப்பேன். அதில் எனக்கு மாறாக அவர் பேசிய முதல் வாக்கியத்தின் கீழ் கோடு போடுவேன். கடைசி அமர்வில் நோட்டை அவரிடமே கொடுத்து வாசிக்கச் சொல்வேன்.

திருமணம் முறிந்து வந்த ஒரு பெண். முதல் வாரத்து வாக்கியம், "எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம், நீங்க சொல்றதைக் கேட்டுக்கறேன்." மூன்றாவது வாரமும் கிட்டத்தட்ட அதேதான். பதினோராவது வாரம், அவர் சோகத்தில் இருக்கிறார் என்று நான் சொன்னபோது, "இல்ல மேடம், சோகம் இல்ல. எனக்குக் கோபம்" என்றார். கோடு போட்டேன். கடைசி நாள் வாசித்துக்கொண்டே வந்தவர் அந்த வரியில் நின்றார். "இதுக்கு மட்டும் ஏன் கோடு?" என்று கேட்டார். "அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் சொன்னதை மறுத்தீர்கள்" என்றேன். இன்னொரு முறை படித்தார்.

"மறுக்கல மேடம். திருத்தினேன்" என்றார்.

அந்தச் சொல்லையும் அதே வரிக்குக் கீழே, அன்றைய தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.